திண்டிவனம் சுற்றி வரும் மாவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. கிடைத்தது என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். பக்கத்து சீட்டுப் பெண்ணின் வாயைக் கிளறிக் கிளறிப் பிடுங்கினேன் என்பதுதான் உண்மை.

நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். தங்கையைக் கட்டிக்கொடுத்தது கிளியனூரில். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது திண்டிவனத்தில் ஓர் ஆபீஸ் வேலை வந்தது. காலையில் பஸ் பிடித்துப் போய் இறங்கிய பிறகுதான் அன்றைக்கு உள்ளூர் விடுமுறை என்று தெரிந்தது. எரிச்சலில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்ப ஏறினேன். போகும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே பெண் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் அதே இரண்டு பெரிய பைகள். பை நிறைய இட்லி மாவு பாக்கெட்டுகள்.

"ஏம்மா, திண்டிவனத்துல எறங்கலயா?"

"எறங்கிட்டு ஏறிட்டேன்க்கா."

"மாவு?"

"அதுவும் எறங்கி ஏறிடுச்சி."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இப்படி ஒரு பதிலைக் கேட்டுவிட்டு எழுதுகிறவள் யாராவது சும்மா இருப்பாளா? அவள் இறங்கும்வரை நான் விடவில்லை.

2

தொடக்கம் எழுதுவதில் நான் மோசம். அடித்தவற்றை அழிக்காமல் விட்டுவைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

‘வைகறையின் செம்மை ஏரிக்கரைப் பனைகளின் மேல் மெல்லப் படரத் தொடங்கிய அந்த —’

கிடையாது. அன்று காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. பனையை யார் பார்த்தது? முன்சீட்டுக் கம்பியில் ஒட்டியிருந்த பபிள்கம்மைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

‘நம் சமூகத்தில் உணவுக்கும் சாதிக்கும் உள்ள உறவு என்பது —’

இது மேடையில் பேசுகிறவரின் குரல். அவருக்கு ஒரு மாலையைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

‘தன் ஊரில் அரைத்த மாவைத் தன் ஊருக்கே கொண்டுபோய்க் கொடுப்பதற்காகப் புனிதா திண்டிவனம் பஸ்ஸில் ஏறினாள்.’

இது இருக்கட்டும். புனிதா என்பது அவளுடைய பெயர் இல்லை. பெயரை மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ஊர்ப் பெயரையும் சொல்லப் போவதில்லை. கிளியனூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஓர் ஊர். அதற்கு இரண்டு ஸ்டாப்பிங். கிளியனூர் பக்கமிருந்து வந்தால் முதலில் ஊர் ஸ்டாப்பிங், அடுத்தது காலனி ஸ்டாப்பிங். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தால், வாயில் போட்ட வெற்றிலை மென்று முடிவதற்குள் போய்விடலாம். ஊரில் மாரியம்மன் கோயில், காலனியில் மாதா கோயில். ஊரில் நிலம் உள்ள குடும்பங்கள். காலனியில் அந்த நிலத்தில் தலைமுறையாக வேலை செய்த குடும்பங்கள். இதற்கு மேல் விளக்கினால் மாலை போட்டு அனுப்பியவர் திரும்பி வந்துவிடுவார்.

3

காலனியில் ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி கழுவுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு, தனி டப்பாவில் போடுவார்கள். அதற்குப் பிடியரிசி என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலம் எல்லா வீட்டு டப்பாவும் மாதா கோயிலுக்கு வரும். ரேஷன் அரிசி, பொன்னி, நொய் எல்லாம் ஒரே அண்டாவில் விழும். யார் வீட்டு அரிசி எது என்று பிரிக்க முடியாது, பிரித்துப் பேசவும் கூடாது. சாவு விழுந்த வீட்டுக்கும் மாதா திருவிழாச் சாப்பாட்டுக்கும் அந்த அரிசியில்தான் சமைப்பார்கள்.

வெண்ணிலா அந்தக் காலனிப் பெண். விழுப்புரத்தில் படித்துவிட்டு, திருச்சபையின் சமூக சேவைச் சங்கம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, சொந்தத் தெருவுக்கே அமைப்பாளராகத் திரும்பி வந்தவள். ஒரு சனிக்கிழமை அண்டாவைச் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து அவள் கேட்டாளாம்:

"சாவுக்கு ஒதுக்கறோம், திருநாளுக்கு ஒதுக்கறோம். நடுவுல உசுரோட இருக்கற நாளுக்கு என்னா ஒதுக்கறோம்?"

(இந்த வாக்கியத்தை நான் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. இல்லை. அவளுடையது.)

அப்படித்தான் மாவு யோசனை வந்தது. கலந்த அரிசியை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார். அரைத்துவிட்டால் கலப்பு தெரியாது. சங்கம் கடனாகக் கொடுத்த பெரிய கிரைண்டர் கோயில் மண்டபத்தில் வந்து இறங்கியது. பங்குச் சாமியார் ஃபாதர் அறிவுச்செல்வன் தீர்த்தம் தெளித்து அதை மந்திரித்தார். இப்போது அரிசியை மூட்டையாகத்தான் வாங்குகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஈட்டிலும் முதலில் விழுவது பிடியரிசிதான்.

முதல் பாக்கெட்டில் மாதா படம் போட்டு, ‘மாதா இட்லி மாவு’ என்று அச்சடித்து, கீழே ஊர்ப் பெயரையும் போட்டிருந்தார்கள். ஊர் ஸ்டாப்பிங்கில் முருகையனின் டிபன் கடை இருக்கிறது. இட்லி, தோசை போடுவதோடு, ஊருக்குள் வீடுகளுக்கு மாவு பாக்கெட்டும் அவர்தான் விற்கிறார். வெண்ணிலாவும் புனிதாவும் அவரிடம் போனார்கள்.

"எங்க அரைக்கறது?" என்று முருகையன் கேட்டார்.

"நம்ம மாதா கோயில் மண்டபத்துலதான்ணா," என்றாள் வெண்ணிலா.

"நல்லா பண்ணுங்கம்மா. நல்ல விசயம்." பாக்கெட்டை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். "நம்ம கடைக்கு டவுன் மாவு வருது."

பஸ்ஸில் இதைச் சொல்லும்போது புனிதா தன் கையால் காற்றைத் தள்ளிக் காட்டினாள். "திட்டலக்கா. சிரிச்சிக்கினேதான் தள்ளினாரு. திட்டியிருந்தா பதிலுக்கு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அந்த வாரம் அரைத்தது அத்தனையும் புளித்து வீணானது. பெண்கள் மண்டபத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது குப்பம்மாள்தான் எழுந்தாள். கிரைண்டர் கல்லைக் கழுவுவது அவள் பொறுப்பு, வாய் கொஞ்சம் நீளம்.

"டவுன் மாவுதான வேணும் அவங்களுக்கு? டவுனுக்குப் போய்ட்டு வரட்டும் மாவு."

4

போய்விட்டு வர ஆரம்பித்தது. புதுக் கவர் அச்சடித்தார்கள்: ‘பொன்மணி இட்லி மாவு, திண்டிவனம்’. புனிதா காலனி ஸ்டாப்பிங்கில் ஏறுவாள்.* திண்டிவனத்தில் இறங்கி ஏறுவாள். திரும்பும் வழியில் தன் வீட்டு வாசலைப் பஸ்ஸிலேயே கடந்து, ஊர் ஸ்டாப்பிங்கில் இறங்கி, முருகையன் கடையில் பைகளை வைப்பாள். அவள் காலனிக்காரி என்று முருகையனுக்குத் தெரியும். மாதா மாவு நின்றுபோனதால் திண்டிவனத்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போகிறாள், பாக்கெட்டைச் சுமந்து வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார். சுமப்பதற்குக் காலனிக் கை ஆகும். அரைப்பதற்குத்தான் ஆகாது.

முதலில் ஒரு தப்பு நடந்தது. ராத்திரி அரைத்து நன்றாகப் பொங்கிய மாவை ஏற்றிவிட்டார்கள். அந்த ரோட்டின் குலுக்கலில் பொங்கினது எல்லாம் அடங்கிவிட்டது. இட்லி கல்லாக வந்தது. "ஒங்க கம்பெனிக்காரனாண்ட சொல்லி வையி, மாவு சரியில்ல," என்று முருகையன் புனிதாவிடம் கோபித்துக்கொண்டார். அவள் பயபக்தியோடு, "சொல்றேங்க," என்றாள். அதற்குப் பிறகு விடிகாலையில் அரைத்து, பொங்காத மாவாக ஏற்றினார்கள். குலுங்கினாலும் கவலையில்லை. கடைக்குப் போய்ச் சாவகாசமாகப் பொங்கிக்கொள்ளும்.

இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எப்படி மாட்டாமல் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஊரிலிருந்து யாரும் காலனித் தெருவுக்குள் வருவதில்லை. ஓட்டுக் கேட்க வருகிறவர்கள்கூடத் தெருமுனையோடு சரி. மண்டபத்தில் கிரைண்டர் ஓடும் சத்தத்தைக் கேட்கும் தூரத்துக்கு ஊர்க்காரர் யாரும் வந்ததில்லை. எந்தத் தீட்டு அந்த மாவைத் தள்ளிவிட்டதோ, அதே தீட்டுதான் அதற்குக் காவலும் நிற்கிறது.

"இது நின்னா நான் திரும்ப மல்லாட்டை புடுங்கத்தான் போவணும்க்கா," என்றாள் புனிதா. ஊர்க்காரர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்குவதைச் சொன்னாள். "வேல கஷ்டம்னு சொல்லல. அந்தக் கூப்புடற தோரணைதான். என்னவிட சின்னவன்கூட வரப்புல நின்னுக்கினு, ஏ புள்ளன்னுதான் கூப்புடுவான். இப்ப நான் பஸ்ஸ வுட்டு எறங்கினா முருகையன், ‘பொன்மணி வந்துடுச்சி’ன்றாரு. பொய்ப் பேருதான். ஆனா மரியாத நெசமா கெடைக்குது."

பிறகு, எல்லாரும் கேட்கிற கேள்வியை அவளும் கேட்டாள். "நீங்க எந்த ஊருக்கா? ஊருக்குள்ளயா?"

ஆமாம். நான் பிறந்தது பக்கத்துக் கிராமத்தில், ஊருக்குள். சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, இரண்டு பைகளையும் கால்களுக்கு இடையில் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொண்டாள். இந்தக் கதையில் என்னைப் பற்றி இதைவிட முக்கியமான தகவல் வேறு கிடையாது.

* பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. கண்டக்டர் லக்கேஜுக்கு மட்டும் முறைப்பார். இலவச பஸ்ஸால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு இந்த அடிக்குறிப்பு.

5

எழுதிக்கொள்ள அனுமதி தந்தபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "முடிவ மட்டும் என்னாண்ட கேட்டுட்டு எழுதுங்க."

சரி என்று தலையாட்டினேன். நான் பார்த்த விமர்சகர்களிலேயே கறாரானவள் அவள்தான். தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதே பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு முடிவாகச் சொன்னேன்.

முதல் முடிவில் உண்மை வெளியாகிறது. ஊர் கொதிக்கிறது. மாவு நடுரோட்டில் கொட்டப்படுகிறது. வெள்ளை மாவு தார் ரோட்டில் பரவ, புனிதா நிமிர்ந்து நின்று —

"கொட்டறதுக்கா விடியல்ல எழுந்து அரைச்சோம்?" என்றாள். "ஒங்களுக்கு ஒரு பக்கம் நல்லா வரும்க்கா. எங்களுக்கு மாவு போயிடும்."

இரண்டாவது முடிவில் முருகையன் உண்மையை அறிந்தும் ஓர் இட்லியைப் பிட்டு வாயில் போடுகிறார். கண் கலங்குகிறது. ‘பசிக்கு ஏதம்மா சாதி’ என்கிறார். புனிதா வாய்விட்டுச் சிரித்ததில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்படி ஒரு ஆளு இருந்தா எனக்கும் காமிங்க."

மூன்றாவது முடிவில் முருகையனுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார். ஏனென்றால் மாவு நன்றாக இருக்கிறது, விலை கட்டுப்படியாகிறது, வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியாதவரை அவருக்கு ஒன்றுமில்லை.

இதற்கு அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்படியும் இருக்கும்க்கா. அப்படி இருந்தா இன்னும் கேவலமா இருக்குது. நான் தெனம் திண்டிவனம் போறத அந்தாளு வேடிக்க பாத்துக்கினு இருக்காருன்னு ஆயிடும்."

இந்த மூன்றாவது எனக்குள் உட்கார்ந்துகொண்டது. என் முருகையனை நானே நம்பாமல் போனேன். ஆளைப் பார்க்காமல் எழுதினால் இப்படித்தான் ஆகும். ஆகவே ஒரு நாள் ஊர் ஸ்டாப்பிங்கில் இறங்கினேன்.

6

முதல் வரைவில் முருகையனுக்கு முறுக்கு மீசை வைத்திருந்தேன். நேரில் மீசையே இல்லை. வழுக்கை, கழுத்தில் துண்டு, இடுப்பு வலிக்காரரின் நடை. சாப்பிட வந்தவர்களிடம் சட்னி போதுமா என்று இரண்டாம் முறையும் கேட்கிற மனிதர். வில்லனாக வைத்துக்கொள்ள ஒன்றுக்கும் உதவாதவர். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இட்லி பூவாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"டவுன் மாவும்மா. சுத்தம்," என்றார். "நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

அப்பா சீனுவாசனின் பெயரையும் ஊரையும் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம சீனுவாசன் பொண்ணா! நம்மாளுங்கதான்னு மொதல்லயே சொல்றதில்ல?" இலையில் இன்னும் ஓர் இட்லி விழுந்தது. "திண்டிவனம் பக்கம் போவியா?"

"அடிக்கடி போவேண்ணா."

"எனக்கு ஒரு உதவி பண்ணும்மா. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்தற அன்னிக்கு ஊருக்கே டிபன் போடறோம். மாவு மொத்தமா இந்தப் பொன்மணியாண்டயே சொல்லிடலாம்னு இருக்கேன். கோயில் கமிட்டியில, கம்பெனிய ஒரு எட்டு பாத்துட்டு வா, யாரு அரைக்கறாங்க என்னா ஏதுன்னு கேட்டுக்கினு வான்றாங்க. எனக்கு ஒன்னும் இல்லம்மா. சாப்பிட வர்றவங்க கேக்கறாங்க இல்ல? கடைய வுட்டுட்டுப் போவறது எனக்குப் பேஜாரு. நீ பாத்துட்டு ஒரு வார்த்த சொன்னா போதும்."

"நான் சொன்னா போதுமாண்ணா?"

"நம்மாளு சொன்னா யாரு கேள்வி கேக்கப் போறாங்க?"

அவர் கண்ணையே பார்த்தேன். தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா? இதைக் கண்டுபிடிக்கத்தானே போனேன். ஒன்றும் பிடிபடவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

வெளியில் நின்று வேடிக்கை பார்த்து எழுதிவிடலாம் என்று இருந்தவள், கதைக்குள் கைப்பிடித்து இழுக்கப்பட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் காலனிக்கு இதுவரை இல்லாத பெரிய ஆர்டர் கிடைக்கும். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் புனிதா வரப்புக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வார்த்தையும் என் வாயில் இருந்தன. என் கதைகளில் எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

7

நடந்ததைப் புனிதாவிடம் சொன்னேன். சனிக்கிழமை மாதா கோயில் மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். டப்பாக்களைக் கவிழ்த்து முடித்ததும் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தோம். ஃபாதர் ஒரு சிறு செபம் சொன்னார். முருகையன் கேட்டதை நான் சொன்னேன்.

புனிதாதான் முதலில் பேசினாள். "பாத்தேன், சுத்தமா இருக்குது, பொம்பளைங்கதான் அரைக்கறாங்கன்னு சொல்லுங்கக்கா. எல்லாம் நெசம்தான? எங்கன்னு மட்டும் சொல்லாதீங்க."

"பிரச்சினை அந்த ‘எங்க’ன்றதுலதானம்மா இருக்கு," என்றார் ஃபாதர். அவர் முகத்தில் தூக்கம் கெட்ட களை. "சாமிக்குன்னு எடுத்து வச்ச கைப்பிடி. அது பொய்ப் பேர்ல போவறத நெனச்சா, பூசை வைக்கும்போது எனக்கு உறுத்துது."

"ஃபாதர், பொய் எங்களுக்கா வேணும்?" என்றாள் குப்பம்மாள். "அவங்களுக்குத்தான் வேணும். கேக்கறாங்க, சப்ளை பண்றோம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்துவிட்டார். வெண்ணிலா மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா கதை எழுதியிருக்காங்கல்ல, அதப் படிக்கட்டும்," என்றாள்.

படித்தேன். இதுவரை நீங்கள் படித்ததுதான், இன்னும் கொஞ்சம் கரடுமுரடாக. இரண்டாம் பகுதியிலேயே பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. "யாரு புனிதா? நம்ம தெருவுல புனிதா யாரும் இல்லியே."

"பேரை மாத்தியிருக்கேன்," என்றேன். "பாதுகாப்புக்காக. ஊர்ப் பேரையும் போடல."

வெண்ணிலா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நாங்க கவர்ல செஞ்சததான நீங்க கதையில செஞ்சிருக்கீங்க? பேர மாத்தி, ஊர மறைச்சி. ஒங்க கதையும் திண்டிவனம் சுத்திக்கினுதான்க்கா வருது."

அந்த இடத்தில் எழுதிப் பார்த்த ஒரு நல்ல பதிலை இங்கே —

வேண்டாம். நான் அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்துப் புனிதா பேசினாள். அண்டாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"திரும்பி வரும்போது பஸ்ஸு எங்க வூட்டாண்ட நிக்கும். எம்பொண்ணு ஸ்கூலுக்கு நின்னுக்கினு இருக்கும். என்னப் பாத்தா கை காட்டும். பஸ்ஸுல ஊர்க்காரங்க யாராச்சும் இருப்பாங்க, எறங்காம ஏன் போறன்னு கேப்பாங்களோன்னு நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். கம்பெனி வேலையா போறவ மாதிரி." நிறுத்தினாள். "இப்பல்லாம் அது கை காட்டறதில்ல. என்னப் பாத்தா அதுவும் மூஞ்சியத் திருப்பிக்குது. நான் சொல்லித் தரல. தானா கத்துக்கிச்சி."

நான் பஸ்ஸில் அத்தனை முறை கிளறியும் அவள் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். கதையில் நல்ல இடம் என்று குறித்துக்கொண்டிருப்பேன்.

"ஆடியில கமிட்டிக்குத் தெரிஞ்சா கம்பெனிய யாரும் கேக்க மாட்டாங்க," என்று அவள் தொடர்ந்தாள். "கம்பெனி ஏது? என்னதான் கேப்பாங்க. அம்மன் காரியத்துல ஏமாத்திட்டன்னு சொல்லுவாங்க. அப்ப தல குனியறதுக்கு இப்பவே நிமுந்து சொல்லிட்டுப் போயிடலாம். மாவு நின்னா நிக்கட்டும். மல்லாட்டை புடுங்கறேன்."

"நிக்காதுடி," என்றாள் குப்பம்மாள். குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. "நின்னாலும் நம்ம தெருவு வாயி என்னா சின்னதா? தோச ஊத்தி நாமளே தின்னுடுவோம்."

எல்லாரும் பேசி முடிவெடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சண்டையும் வந்தது. வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். கடனை எண்ணி அழுதவளும் இருந்தாள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதை நான் சரியாக எழுதவில்லை. கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். கதை அச்சில் வரட்டும். வந்த மறுநாள் காலை பஸ்ஸில் ஏறுவதில்லை. பழைய மாதா கவரில் மாவைக் கட்டி, காலனியிலிருந்து கடைக்கு நடந்தே போவது.

"நாந்தான் போவேன்," என்றாள் புனிதா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "என் பேரையே போட்டுடுங்கக்கா."

8

அவள் பெயர் பிரபாவதி.

மேலே போய் ஒவ்வொரு ‘புனிதா’வையும் அடித்து மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்தப் பெயர் அங்கேயே இருக்கட்டும். எவ்வளவு தூரம் சுற்றி வந்தோம் என்று தெரிய வேண்டும்.

ஊர்ப் பெயரைப் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று பிரபாவதியே சொன்னாள். "படிக்கறவங்க ஊருலயும் ரெண்டு ஸ்டாப்பிங் இருக்கும் இல்ல? அவங்க ஊருன்னு நெனச்சிக்கட்டும்."

முருகையன் அண்ணே, உங்களுக்கு நான் ஒரு வார்த்தை பாக்கி. (உங்கள் பெயரை மட்டும் மாற்றித்தான் போட்டிருக்கிறேன். நீங்களாக உண்மைப் பெயரைப் போடச் சொல்லும்வரை அது அப்படியே இருக்கும்.) கம்பெனியைப் பார்த்தேன். மாதா கோயில் மண்டபத்தில் இருக்கிறது. கிரைண்டர் கல்லை ஒவ்வொரு ஈட்டுக்கும் குப்பம்மாள் தேய்த்துக் கழுவுகிறாள். முதலில் ஒரு கைப்பிடி அரிசியைச் சாமியை நினைத்துப் போடுகிறார்கள். காலனிப் பெண்கள் அரைக்கிறார்கள். நீங்கள் இத்தனை நாள் ஊருக்குப் போட்டது அந்த மாவுதான், உங்கள் வீட்டிலும் அந்த மாவுதான். நம்மாளு சொன்னால் போதும் என்றீர்களே, சொல்லிவிட்டேன்.

முடிவுக்கு வருகிறேன். முடிவு என்னிடம் இல்லை. பிரபாவதியிடம் கேட்டேன், அவளிடமும் இல்லை. "நடக்கறது வரைக்கும்தான்க்கா எங்க வேல," என்றாள். "அங்க நிறுத்திடுங்க. அதுக்கு மேல யாரு வேலையோ அவங்க பாத்துக்கட்டும்."

யாருடைய வேலை என்று பல நாள் யோசித்தேன். முருகையனுடையது என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அவர் தனக்கு ஒன்றுமில்லை என்றார். சாப்பிட வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்றார். அதை ஒரு சாக்கு என்று நினைத்தேன். உண்மையாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே சாப்பிட வந்தவரைக் கதைக்குள் கூப்பிடுகிறேன்.

கதை அச்சாகிவிட்டது. மறுநாள் காலை. நீங்கள் திண்டிவனம் ரோட்டில் எங்கேயோ போகிறவர். பசிக்கிறதென்று இறங்கி, முருகையன் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊர்க்காரர்கள் சிலர் பக்கத்தில் சாப்பிடுகிறார்கள். பஸ் வந்து நிற்கிறது, யாரும் இறங்கவில்லை. முருகையன் பஸ்ஸின் பின்பக்கம் எட்டிப் பார்க்கிறார். அப்போது காலனிப் பக்கமிருந்து ஒரு பெண் ரோட்டோரமாக நடந்து வருகிறாள். இரண்டு கையிலும் பை. அவசரமில்லாமல் வருகிறாள். கடைக்குள் வந்து, பைகளை மேசைமேல் வைக்கிறாள்.

முருகையன் ஒரு பாக்கெட்டை எடுக்கிறார். மாதா படம். கீழே ஊர்ப் பெயர். பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்துகிறார்கள்.

"நம்ம மாவுதாங்க," என்கிறாள் பிரபாவதி. "அரைச்சது நாங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியூர்க்காரரான உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.